வார்த்தைக்கு ஒரு ஸ்டார்

பாத்திரக் கடையில் அவளுக்கு ஸ்டாரக்கா என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒருவரைக் கை காட்டுவார்கள். கேலியாக ஆரம்பித்த பெயர்தான். கேலி செய்தவர்களே பிறகு வாய் நிறைய அக்கா, அக்கா என்று கூப்பிடும்படி ஆகிவிட்டது. மூன்று மாடிக் கடை அது. கீழே எவர்சில்வர், நடுவில் கண்ணாடியும் பீங்கானும், மேலே மிக்ஸி, குக்கர் வகையறா. ஒருநாள் முதலாளி எங்கேயோ போய் யார் பேச்சையோ கேட்டுவிட்டு வந்தார். மறுநாள் காலை பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பலகை முளைத்திருந்தது. யார் நன்றாக விற்கிறார்களோ அவர்கள் பெயருக்கு நேரே தங்க நிறத்தில் ஒரு ஸ்டார் ஒட்டுவார்கள். வாரக் கடைசியில் அதிக ஸ்டார் வாங்கியவருக்குப் பரிசுக் கூப்பன்.

அதுவரை வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று இருந்தவள் அவள். கண்ணாடிப் பிரிவில் ஒரு மூலையில் நின்று டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். பலகை வந்ததும் அவளுக்குள் என்ன புகுந்ததோ தெரியவில்லை. நாலு டம்ளர் கேட்டு வந்தவரிடம் ஜக்கையும் தட்டையும் சேர்த்துக் கட்டி அனுப்பினாள். வாங்க வாங்கப் பாயின்ட் சேர்கிற கார்டு ஒன்று வந்தது, அதையும் அவளைப்போல் யாரும் தள்ளிவிடவில்லை. ஒரு அம்மா, இலவச டப்பாவுக்குப் பாயின்ட் போதவில்லை என்று அதே டப்பாவில் மூன்றைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு, நாலாவதை இலவசமாக வாங்கிய பூரிப்பில் ஸ்டாரக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள். கொஞ்ச நாளில் ஸ்டாரக்கா நடு மாடிக்கே பொறுப்பாளர் ஆனாள். இந்த ஒட்டுகிற காகிதம் இல்லாவிட்டால் இன்னும் டம்ளர்தான் துடைத்துக்கொண்டிருப்பேன் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையைத் தப்பு என்று எப்படிச் சொல்வது?

பலகை வந்த பிறகு கடையில் வேறு சில விஷயங்களும் நடந்தன. குக்கர் மூடிக்கு ரப்பர் வளையம் எங்கே கிடைக்கும் என்று யாராவது கண்ணாடிப் பிரிவில் வந்து கேட்டால், முன்பெல்லாம் கூடவே மேலே போய்க் காட்டிவிட்டு வருவார்கள். இப்போது "தெரியலைங்க" என்று பதில் வரும். வளையம் விற்றால் ஸ்டார் மேல்மாடிக்காரிக்கு அல்லவா போகும். ஸ்டாரக்கா இதையெல்லாம் பார்க்காமல் இல்லை. சில்லறைக் கோளாறு, போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

அவளுக்கு ஒரே மகள். வாயாடி என்பதுதான் வீட்டில் பெயர். பள்ளிக்கூடத்திலும் இந்த ஸ்டார் நோய் உண்டு. அடுத்தவருக்கு உதவி செய்தால் உதவி ஸ்டார். வாயாடியும் அவள் தோழியும் பேசி வைத்துக்கொண்டு, டீச்சர் பார்க்கிற நேரமாகப் பார்த்து ஒருத்தி அழிரப்பரைக் கீழே போடுவாள், இன்னொருத்தி பாய்ந்து எடுத்துக் கொடுப்பாள். மறுநாள் முறை மாறும். இதை வாயாடியே வீட்டில் நடித்துக் காட்டியபோது ஸ்டாரக்கா வயிறு வலிக்கச் சிரித்தாள். கெட்டிக்காரி, பிழைத்துக்கொள்வாள் என்று உச்சி முகர்ந்தாள். இன்னொருத்தியாக இருந்தால் அங்கேயே கொஞ்சம் யோசித்திருப்பாள்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நன்றாகப் பேசுகிற மனுஷர். மகள் வாயாடியானதே அவரால்தான். ஒருநாள் ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், ஸ்பேனரைப் பிடித்தபடியே விழுந்து கிடந்தார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். உயிர் தப்பியது. வலது கால் இழுத்து இழுத்தாவது நடக்கும் அளவுக்குத் தேறியது, வலது கை தேறவில்லை. போனது பேச்சு. புத்தி தெளிவாகத்தான் இருந்தது. எல்லாம் புரியும், என்ன சொல்ல வேண்டும் என்றும் தெரியும். வார்த்தை மட்டும் நாக்குக்கு வராது. எதையோ சொல்ல ஆரம்பித்து, வராமல், இடது கையால் கட்டிலை அடித்துக்கொண்டு அவர் அழுவார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா நல்ல மாதிரி. வாராவாரம் அங்கே பயிற்சி, மிச்ச நாளெல்லாம் வீட்டில். எப்படிச் செய்ய வேண்டும் என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள்.

"ஏதாவது படிச்சுக் காட்டுங்க, இல்ல கதை சொல்லுங்க. கடைசி வார்த்தைய மட்டும் சொல்லாம விட்டுடுங்க. அதை அவர் முடிக்கட்டும். எவ்வளவு நேரமானாலும் வெயிட் பண்ணணும். பாவமா இருக்கேன்னு நீங்களே சொல்லிடக் கூடாது. சொல்லிட்டீங்கன்னா, சரி, இவங்க பாத்துப்பாங்கன்னு மூளை சும்மா இருந்துடும்."

"எப்ப டாக்டர் பேசுவாரு?"

"முதல்ல வர்ற மாசங்கள்லதாம்மா நிறைய வரும். அதுக்கப்புறம் ரொம்பக் கஷ்டம். ரெண்டு மூணு மாசம் போனதும் நான் ஒரு டெஸ்ட் வெப்பேன். முன்னேற்றம் இருந்தா அடுத்த ரவுண்டும் இங்கயே இலவசமா பண்ணலாம். இல்லேன்னா அந்த இடத்தை வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லிடுவாங்க. வெளிய எத்தனை பேர் காத்திருக்காங்கன்னு பாத்தீங்கல்ல?"

ஸ்டாரக்கா பார்த்திருந்தாள். வெளியே தனியாரிடம் போகிற நிலைமை இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். ஆக, வீட்டில் நடக்கிற பயிற்சியை நம்பித்தான் எல்லாம். அவளோ காலையில் போனால் பொழுது சாயும்போதுதான் வருகிறாள். எதிர்வீட்டில் இருக்கிற நாத்தனார் மதியம் சாப்பாடு போட்டுவிட்டுப் போவாள். ஒரு இடத்தில் சேர்ந்தாற்போல் உட்காருகிற உடம்பு இல்லை அவளுக்கு. மிஞ்சியது வாயாடிதான்.

வாயாடிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை ஒரு பக்கம் எறிந்துவிட்டு அப்பா கட்டிலில் சப்பணம் போட்டு உட்காருவாள். ஆரம்பத்தில் புத்தகம் பார்த்துப் படித்தாள். இரண்டாம் நாளே அது போரடித்துவிட்டது. சொந்தமாக ஒரு லிஃப்டைக் கட்டி, அப்பாவை அதற்கு மெக்கானிக் ஆக்கி, அவளே கதையை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"லிஃப்ட் கதவு தொறந்துச்சு. உள்ள பாத்தா, தொப்பி போட்டுட்டு, கையில குடையோட நின்னுட்டு இருந்துச்சு ஒரு..."

அப்படியே நிறுத்திவிட்டு, கையைக் காதுக்குக் குவித்து வைத்துக்கொண்டு அப்பா முகத்தையே பார்ப்பாள். அவர் உதடு கோணும். தொண்டை ஏறி இறங்கும். சன்னல் வெயில் தரையில் ஒரு சாண் நகர்ந்திருக்கும், அவள் அசைய மாட்டாள்.

"ஒண்ணும் அவசரம் இல்லப்பா. லிஃப்ட் நிக்கும். நீ ரிப்பேர் பண்ணினதாச்சே."

"க... க... கழுதை."

அவள் மனதில் இருந்தது கரடி. அதனால் என்ன? "கழுதையா? சரி, கழுதையே வரட்டும். கழுதை சார், உங்களுக்கு எத்தனாவது மாடி?" என்று கதை கழுதைப் பக்கம் திரும்பிவிடும். அப்பா பாதி முகத்தால் சிரிப்பார். இவள் கட்டிலில் உருண்டு உருண்டு சிரிப்பாள். இப்படியே சொம்பு, சாவி, மாமா, ஏணி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படங்களைக் காட்டியபோது பாதிக்கு மேல் சொல்லிவிட்டார். "வீட்ல யாரு பண்றாங்க? பிரமாதமா பண்றாங்க" என்றாள் அவள்.

ஒருநாள் சாயங்காலம் ஸ்டாரக்கா கதவைத் திறந்துகொண்டு உள்ளே நுழைந்தாள். நாற்காலியில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, யாரும் கேட்காமல், யாரும் பாதி சொல்லி நிறுத்தாமல், "வந்துட்டியா" என்றார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். இனிப் பேசிவிடுவார், பழைய மனுஷராகிவிடுவார் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக நம்பினாள்.

அந்த நம்பிக்கையோடு விட்டிருக்கலாம். ஆனால் அவளுக்கு மனசு கேட்கவில்லை. கீழே மற்றப் பிள்ளைகள் ஸ்கேட்டிங் ஷூ மாட்டிக்கொண்டு சர்ர் சர்ர் என்று ஓடுகிறார்கள். இந்தப் பெண் விளையாட்டையெல்லாம் விட்டுவிட்டு அப்பாவோடு அடைந்து கிடக்கிறதே, இதற்கு நாம் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறுத்தியது. வாயாடி அதைப் பற்றி ஒரு வார்த்தை முனகியதில்லை. ஸ்டாரக்காதான் முதலாளியிடம் கேட்டு ஒரு கட்டு ஸ்டார் வாங்கி வந்தாள்.

"இனிமே அப்பாவுக்கு ஒரு பக்கம் படிச்சா ஒரு ஸ்டார். இந்த பீரோ கதவு முழுக்க ஒட்டிட்டேன்னா ஸ்கேட்டிங் ஷூ" என்றாள்.

வாயாடியின் கண் விரிந்தது. "நெஜமாவாம்மா?"

"நெஜமா."

"லிஃப்ட் கதை சொன்னா?"

"கதைல பக்கம் எப்படிடி எண்ணுறது? புத்தகம் படி."

பீரோ கட்டிலுக்கு நேர் எதிரே. முதல் ஸ்டாரை வாயாடி ஒட்டியபோது அப்பா இடது கைக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மகளுக்கு ஷூ கிடைக்கப் போகிறது என்று அவருக்கும் சந்தோஷம்தான்.

விஷயம் நாத்தனார் காதுக்குப் போயிற்று. "பெத்த அப்பன்கூட உக்காந்து பேசறதுக்கு அந்தப் புள்ளைக்குக் கூலியா குடுக்கிறே?" என்று கேட்டாள்.

"கூலி இல்ல அண்ணி. ஒரு ஊக்கம்."

"என்ன எழவோ. நேத்து வரைக்கும் அது எதுக்கு உக்காந்துச்சாம்?"

ஸ்டாரக்காவுக்குச் சுருக்கென்றது. தம்பி பக்கத்தில் அஞ்சு நிமிஷம் உட்காராதவளுக்கு வாய் மட்டும் காது வரைக்கும் இருக்கிறது என்று மனசுக்குள் திட்டிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

பீரோவில் ஸ்டார் மளமளவென்று ஏறியது. வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பாள் ஸ்டாரக்கா. பார்த்தால் தலைகால் புரியாது. பெண் இவ்வளவு படிக்கிறாள் என்றால் மனுஷர் எவ்வளவு பேசுவார் என்று ஒரு கணக்கு. பள்ளிக்கூட நூலகத்திலிருந்து வாயாடி கொண்டுவருகிற புத்தகங்கள் வரவர ஒல்லியாகிக்கொண்டே போனதை அவள் கவனிக்கவில்லை. கடைசியில், பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி, பால்குடி மறந்த பிள்ளைகள் பார்க்கிற புத்தகம்வரை வந்துவிட்டது.

கடையில் சரக்கு எண்ணிப் பார்க்கிற நாள் ஒன்று வந்தது. வேலை சீக்கிரம் முடிந்ததால் ஸ்டாரக்கா நாலு மணிக்கே கிளம்பிவிட்டாள். படியேறும்போதே வாயாடியின் குரல் கேட்டது.

"பூனை பாலைக் குடித்தது நாய் வாலை ஆட்டியது மயில் தோகையை விரித்தது..."

மூச்சு விடாமல் ஓடுகிறது. அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். புருஷன் பால் என்ற சொல்லுக்காக உதட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் நாய் வந்துவிட்டது. பாலை விட்டுவிட்டு வாலுக்கு வாயைத் திறந்தார், மயில் வந்துவிட்டது. கிளம்பிவிட்ட பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிறவரைப்போல் மகளின் வாயையே பார்த்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தார் மனுஷர். பக்கங்கள் சரசரவென்று திரும்பிக்கொண்டே இருந்தன.

"என்னடி இது? வெயிட் பண்ணணும்னு டாக்டர் சொன்னாங்கல்ல?"

வாயாடி திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கள்ளம் கபடம் ஒன்றுமில்லை. "வெயிட் பண்ணினா ஸ்டார் குறையுதும்மா."

அடிக்கக் கையை ஓங்கவில்லை அவள். குழந்தை சொன்னதில் தப்பில்லை, சட்டத்தில்தான் ஓட்டை என்று தோன்றியது. கடையிலும் இப்படித்தான். ஒரே ஆளுக்கு விற்றதை நாலு பில்லாகப் பிரித்துப் போட்டு நாலு ஸ்டார் வாங்கினார்கள், முதலாளி சட்டத்தை மாற்றினார். இவளும் மாற்றினாள். இனிமேல் பக்கத்துக்கு ஸ்டார் கிடையாது. அப்பா ஒரு வார்த்தை சொன்னால் ஒரு ஸ்டார். இப்படி யோசித்ததற்குத் தனக்கே ஒரு ஸ்டார் ஒட்டிக்கொள்ளலாம் என்று பெருமைவேறு, பாவி மகளுக்கு.

அவருக்குத் தடையில்லாமல் வருகிற வார்த்தை கதவு. தொழில் வார்த்தை அல்லவா. வாயாடி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா வந்து தட்டினது?"

"கதவு."

"அத்தை போய்ச் சாத்தினது?"

"கதவு."

முதல் இரண்டு நாள் அப்பாவும் மகளும் கூட்டுக் களவாணிகளைப்போல் சிரித்துக்கொண்டார்கள். மகள் கேட்டு முடிப்பதற்குள் அவர் கதவு என்பார். சொல்லிவிட்டு உடனே பீரோவைப் பார்ப்பார், ஸ்டார் ஒட்டுகிறாளா என்று. மகள் காலில் அந்தச் சக்கரங்களை மாட்டிவிட வேண்டும் என்று அவருக்கும் வெறி வந்துவிட்டது. வேறு எதற்கும் வாயைத் திறப்பதை நிறுத்திவிட்டார். சாயங்காலம் ஸ்டாரக்கா உள்ளே வந்தபோதுகூட நிமிர்ந்து பார்த்து "கதவு" என்றார்.

டெஸ்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. "சொன்னதையே சொன்னா ஸ்டார் இல்ல. புது வார்த்தைக்குத்தான்" என்று மறுபடி சட்டத்தை மாற்றினாள். அத்தோடு அந்த வீட்டில் சிரிப்பு போயிற்று.

புது வார்த்தை கேட்டால் வருமா? அது எப்போதோ, கழுதை லிஃப்டில் வந்தபோது, தானாக வந்தது. இப்போது வாயாடி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நேராகக் கேட்டாள். "இது என்னப்பா? சீப்பு. சீப்புன்னு சொல்லுப்பா. நேத்து பாதி சொன்னியே. ஒரே ஒரு தடவைப்பா, ப்ளீஸ்." அவர் நெற்றியில் வியர்வை அரும்பும். உதடு நடுங்கும். ஒன்றும் வராது. பீரோவில் இன்னும் ஒரு ஓரம்தான் பாக்கி. வாயாடி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "போப்பா, உன்னாலதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவாள். அவளும் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுவாள். அவரும் கண்ணை இடது புறங்கையால் துடைத்துக்கொள்வார். மகள் ஆசைப்பட்ட பொருள் தன் வாயால் தடைபடுகிறதே என்ற வேதனையை அவர் யாரிடம் சொல்வார், எப்படிச் சொல்வார்?

பிறகு, பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். தூங்குகிறார் என்று வாயாடி போய்விடுவாள். விடுமுறை நாளொன்றில் ஸ்டாரக்கா பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். கண் இறுக மூடியிருந்தது, இமை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. பெற்ற மகளுக்குப் பயந்து படுத்திருந்தார் அவர்.

டெஸ்ட் நாள் வந்தது. டாக்டரம்மா மேசைமேல் படங்களை ஒவ்வொன்றாக வைத்தாள். சொம்பு. சாவி. ஏணி. எல்லாம் முன்பு அவர் சொன்னவைதான். அவர் படத்தைப் பார்த்தார். டாக்டரம்மாவைப் பார்த்தார். "கதவு" என்றார். அடுத்த படத்துக்கும் கதவுதான். அதற்கு அடுத்ததற்கு வாயைத் திறக்காமல் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா எவ்வளவோ நேரம் காத்திருந்தாள். பிறகு படங்களை எடுத்து அடுக்கி உறையில் போட்டாள்.

"வீட்ல யாரும்மா பேசறீங்க இவரோட?"

"பொண்ணுதாங்க."

"விடாம பண்றாளா?"

"விடாமத்தான் பண்ணினா" என்றாள் ஸ்டாரக்கா. அது உண்மைதானே. மற்றதைச் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

"அடுத்த ரவுண்டு குடுக்க முடியாதும்மா. தப்பா எடுத்துக்காதீங்க. என்னையும் மேலிடத்துல கேள்வி கேக்கறாங்க. எத்தனை பேரைத் தேத்தினேன்னு பாத்துத்தான் இந்தப் பிரிவையே நடத்த விடறாங்க. தேறாதவங்களை வெச்சுட்டு இருந்தா என்மேலதான் தப்பும்பாங்க."

இதைச் சொல்லும்போது டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டாரக்கா சண்டை போடவில்லை. கண்ணாடிப் பிரிவில் விலை போகாத சரக்கை அவளே பின் தட்டுக்குத் தள்ளச் சொல்லியிருக்கிறாள். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர், இவர்கள் வருவதைப் பார்த்துவிட்டு, ஆசையோடு எழுந்து நின்றார்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக பீரோவிலிருந்த ஸ்டார்களை நகத்தால் சுரண்டி எடுத்தாள். பாதி வந்தது, பாதி பசையோடு இழுத்துக்கொண்டு நின்றது. அன்றைக்கே போய் ஸ்கேட்டிங் ஷூவும் வாங்கிக்கொண்டு வந்தாள். கேட்டது கிடைத்துவிட்டால் இந்தப் பேரமே ஒழிந்துபோகும், பெண் பழையபடி போய் அப்பா கட்டிலில் ஏறி உட்காருவாள் என்று ஒரு நப்பாசை. வாயாடி அம்மாவைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். அன்றைக்கும் மறுநாளும் நடையில் சக்கரச் சத்தம்தான்.

மூன்றாம் நாள் ஸ்டாரக்கா மெல்ல ஆரம்பித்தாள். "அப்பாகிட்ட கொஞ்ச நேரம் கதை சொல்லேன்டி. அந்த லிஃப்ட் கதை."

"எதுக்கும்மா? அதான் ஷூ வந்துடுச்சே."

திமிராகச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். ஸ்டாரக்கா அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "முன்னாடியெல்லாம் சும்மாதானே சொல்லுவே?"

வாயாடி ஷூவின் சக்கரத்தைச் சுழற்றிவிட்டாள். "அப்ப இதுக்கு ஸ்டார் கிடைக்கும்னு எனக்குத் தெரியாதும்மா" என்றாள்.

அதட்டிக் கொண்டுபோய் உட்கார வைத்துப் பார்த்தாள். வாயாடி உட்கார்ந்தாள். லிஃப்ட் கதவு திறந்தது, உள்ளே ஏதோ ஒன்று நின்றது, ஆனால் சொல்கிறவளின் கண் வாசலில் இருந்தது. இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை "போதுமாம்மா?" என்று கேட்டாள். தானே சொல்லிப் பார்ப்போம் என்று ஸ்டாரக்கா ஒருநாள் சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்தாள். நாள் முழுக்க நின்ற காலுடன், கண்ணாடிச் சரக்கையே நினைத்துக்கொண்டிருந்த மண்டையில், ஒரு கழுதைகூட வரவில்லை. புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ பேரிடம் வாய் வலிக்கப் பேசி விற்றவளுக்கு வீட்டு மனுஷரிடம் பேச ஒன்றுமில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

டாக்டரம்மா சொன்ன மாதங்கள் போய்க்கொண்டிருந்தன. கடைக்கு லீவான ஒரு காலை. அவர் சன்னலோரம் நாற்காலியில் இருந்தார். பக்கத்து முக்காலியில் சொம்பு நிறையத் தண்ணீரும் டம்ளரும். ஸ்டாரக்கா சமையலறையில் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாயாடி வாசலிலிருந்து உருண்டு வந்து அப்பா நாற்காலியைப் பிடித்து நின்றாள். ஷூவின் வாரை இறுக்கிக்கொண்டு திரும்பப் போகும்போது அப்பாவின் இடது கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

ஸ்டாரக்கா திரும்பிப் பார்த்தாள். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. தொண்டையில் ஏதோ ஏறி வந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாயிற்று இதைப் பார்த்து. யாரும் கேட்கவில்லை, யாரும் படம் காட்டவில்லை. தானாக, மகளின் முகத்தைப் பார்த்து, எதையோ சொல்ல வருகிறார். கண்ணில் பழைய வெளிச்சம். ஸ்டாரக்கா துணியைக் கையில் பிடித்தபடி மூச்சுக்கூட விடாமல் நின்றாள். வந்துவிடும், கொஞ்சம் பொறு, வந்துவிடும் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

"தண்ணியாப்பா?" என்றாள் வாயாடி.

அவர் இல்லை என்று தலையை அசைத்தார். மறுபடி உதட்டைக் கூட்டினார்.

"தண்ணிதாம்மா கேக்கறாரு" என்று சமையலறைப் பக்கம் ஒரு குரல் கொடுத்துவிட்டு, சொம்பிலிருந்து ஊற்றி, டம்ளரை அவர் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடிக்க வைத்தாள் வாயாடி. பாசமாகத்தான் செய்தாள். பிறகு சர்ர் என்று வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஸ்டாரக்கா ஓடி வந்து அவர் காலடியில் மண்டியிட்டாள். "என்னங்க, என்ன சொல்ல வந்தீங்க? சொல்லுங்க. நான் இருக்கேன். எவ்வளவு நேரமானாலும் இருக்கேன்."

அவர் அவளைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். தூரத்தில் சக்கரச் சத்தம் தேய்ந்துகொண்டே போயிற்று. பிறகு அவர் டம்ளரைத் தூக்கி, தாகமே இல்லாதவர், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, காலி டம்ளரை அவளிடம் நீட்டினார்.

அதற்குப் பிறகு அவர் எதையும் சொல்ல முயலவில்லை. வேளாவேளைக்குத் தண்ணீர் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.